நெல் கணக்கும் யூரோ கணக்கும்

ஜெர்மனியில் படிக்க இடம் கிடைத்த மாணவர், விசா கேட்கும்போதே அங்கே ஓராண்டு வாழ்வதற்கான பணம் தன்னிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. பெரும்பாலோர் அதை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் கட்டிவிடுகிறார்கள். பணம் தொலைந்துபோவதில்லை. மாணவர் போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே வரும். நம் ஊர்களில் இதற்குத் தமிழ்ப் பெயரெல்லாம் கிடையாது, 'பிளாக்டு அக்கவுண்ட்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்தத் தொகையை நெல்லாக மாற்றிப் பார்க்கலாம். 2025ஆம் ஆண்டின் இறுதிக்குள் யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. கணக்கு எளிதாக இருக்க நூறு என்றே வைத்துக்கொண்டால் 11,90,400 ரூபாய். 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொள்முதல் நிலையத்தில் கிடைத்த விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். வகுத்தால் ஏறத்தாழ 468 குவிண்டால் வருகிறது. நாற்பது கிலோ மூட்டையில் 1,169 மூட்டை. ஏக்கருக்கு இரண்டு டன் கண்டது என்று வைத்தால், 23 ஏக்கரின் ஒரு போக விளைச்சல் முழுவதும் இதற்கே போய்விடும். உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின் கூலி எதையும் இதில் கழிக்கவில்லை.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிற காவிரி டெல்டா ஊர்களில் ஒன்று, சென்னையிலிருந்து அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போகிற சாலையில் இருக்கிற திருப்பனந்தாள். திருவிடைமருதூர் வட்டத்துப் பேரூர். சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்தக் குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்த கதை நடந்த தலம். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் நிறுவிய மடத்தின் வழிவந்தவர்கள் பின்னாளில் இங்கே நிலைகொண்டதால் காசி மடமும் இந்த ஊரில்தான். அந்த மடத்துக்கு ஒரு கால் காவிரிச் சீமையில், இன்னொரு கால் கங்கைக் கரையில். தொலைதூரத்துச் செலவுக்குப் பணம் தேடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. புதிதாக வந்திருப்பது வேறொன்று.

புறப்படுவதற்கு முன் வெளிநாட்டு நாணயத்தில் பணம் கட்டுவதில் இரண்டு சுமை உண்டு. முதலாவது தொகை, அது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, கட்டணம் தெரிந்த நாளுக்கும் கட்டுகிற நாளுக்கும் நடுவில் நாணய விலை நகர்ந்தால் வருகிற வித்தியாசம். அதை யார் ஏற்பது? நூறு ஆண்டுக்கும் மேலான டெல்டாக் கதையைப் புரட்டினால், இந்த இரண்டாவது சுமை பல்கலைக்கழகத்திடம் இருந்திருக்கிறது, தோட்ட முதலாளிகளிடம் இருந்திருக்கிறது, அரசிடமும் இருந்திருக்கிறது. இன்றுதான் அது முழுவதுமாகக் குடும்பத்தின் தலையில் இருக்கிறது. பணம் அனுப்பும் சுதந்திரம் கூடக் கூட இந்தச் சுமையும் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்கலாம். 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' கப்பலில் ஏறிய கும்பகோணத்து ராமானுஜன், கேம்பிரிட்ஜுக்குப் போவதற்காகத் தன் குடும்பத்தின் நகையை அடகு வைக்கவில்லை. வைக்க நகையும் அதிகம் இருந்திருக்காது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை ஒதுக்கியது. டிரினிட்டி கல்லூரி 60 பவுன் சேர்த்தது. சென்னைத் தொகையில் 50 பவுன் இங்கிருந்த குடும்பத்துக்கு என்று பிரிக்கப்பட்டதாக, அங்கே அவரோடு பணியாற்றிய கணிதவியலாளர் ஹார்டி எழுதியிருக்கிறார். அன்றைக்கு ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ், அதாவது ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 50 பவுன் என்றால் 750 ரூபாய், மாதத்துக்கு 62 ரூபாய் 8 அணா.

இங்கே கவனிக்க வேண்டியது உதவித்தொகையின் அளவை விட அது எந்த நாணயத்தில் எழுதப்பட்டது என்பதைத்தான். சென்னையில் ரூபாயில் வரவு வைக்கும் ஒரு நிறுவனம் பவுனில் வாக்குக் கொடுத்தது. விலை நகர்ந்தால் நட்டமோ லாபமோ அந்த நிறுவனத்துக்கு. விலை நகரவும் செய்தது. முதல் உலகப்போரின் கடைசி ஆண்டுகளில் வெள்ளி விலை ஏறியதால் ரூபாயும் ஏறி, 1919 இறுதியில் இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸைத் தொட்டது. 1921இல் பழைய ஒரு ஷில்லிங் நாலு பென்ஸுக்கும் கீழே விழுந்தது. சொந்தக் காசில் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் பிள்ளையை அனுப்பிய ஒரு மிராசுதார், 1919 கடைசியில் ஒரு பவுனை ஏறத்தாழ எட்டரை ரூபாய்க்கு வாங்கியிருப்பார். அதே பவுனுக்கு 1921இல் 15 ரூபாய்க்கு மேல். உதவித்தொகையில் போனவருக்கு இந்தக் கூத்து எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படிப்புக்குப் போனவர்கள் மிகச் சிலர்தான். அதே காலத்தில் இதே டெல்டாவிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையில் முன்பணம் உண்டு. ஆனால் அது போகிறவர் கட்டியதல்ல, கங்காணி கொடுத்தது. பிறகு அதையே கடனாக எழுதிக் கூலியில் பிடித்தார்கள். 1907இல் மலேயாவில் தோட்ட முதலாளிகள் மீது வரி போட்டு ஒரு குடியேற்ற நிதி ஏற்பட்டபின் கப்பல் கட்டணம் அந்த நிதியிலிருந்து போயிற்று. 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தில் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது நடந்தது. அந்த முறையின் கொடுமைகளை யாரும் மறைக்கத் தேவையில்லை. கடல் தாண்டுமுன் தொழிலாளி வெளிநாட்டு நாணயத்தை வாங்க வேண்டியிருக்கவில்லை என்பது மட்டுமே இங்கே என் குறிப்பு. நாணயத்தின் அடி அவருக்கு ஊருக்குப் பணம் அனுப்பும்போது விழுந்தது. மலேயாவின் டாலரான வெள்ளி இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று நிலையாக இருக்க, 1927இல் ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸாக உயர்த்தினார்கள். அதற்கு முன் பத்து வெள்ளி அனுப்பினால் வீட்டில் 17 ரூபாய் 8 அணா. அதற்குப் பின் பதினைந்தரை ரூபாய் சொச்சம்.

இன்று சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவரின் நிலை இதற்கு நேர் தலைகீழ். தேர்வு மையத்துக்கு, ஏஜெண்டுக்கு, டிக்கெட்டுக்கு என்று எல்லாம் முன்னால் கட்ட வேண்டும். பணம் ரூபாயில்தான் கைமாறுகிறது, ஆனால் பேச்சு 'இத்தனை மாசச் சம்பளம்' என்று வெள்ளியில் நடக்கிறது. ஆகவே வெள்ளி ஏறினால் ஏஜெண்டு சொல்லும் ரூபாயும் ஏறும். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஏஜென்சி அங்கே தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற முகவருக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இரண்டு வரம்பும் காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன. குறைவாகப் படித்தவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்ற 18 நாடுகளின் பட்டியலில் மலேசியா உண்டு, வளைகுடா நாடுகள் உண்டு, சிங்கப்பூர் இல்லை. டெல்டாக்காரர்கள் அதிகம் போகிற ஊருக்கு அந்தச் சோதனைச்சாவடியே கிடையாது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு நாணய விலை ஒரு பொருட்டா என்று கேட்கலாம். கடனுக்கு வாங்கிக் கொடுத்த பணம் என்பதால்தான் பொருட்டு.

சுதந்திரத்துக்குப் பின் வந்த காலத்தை உரிமக் காலம் என்று திட்டுவது வழக்கமாகிவிட்டது. திட்டத் தகுந்ததுதான். 1947 சட்டமும் அதைவிடக் கடுமையான 1973 சட்டமும் அந்நியச் செலாவணியை ரேஷன் பொருளாக்கின. வெளிநாட்டுக்கு டிக்கெட் வாங்கவே ரிசர்வ் வங்கி ஒப்புதலோடு 'பி ஃபார்ம்' வேண்டும். அறுபதுகளில் விமானம் ஏறியவர்கள் கையில் எட்டு டாலரோடு போய் இறங்கிய கதைகளை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அனுமதி கிடைத்துவிட்டால் விலை நிலையானது. 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது ரூபாயும் கூடவே குறைந்ததால், லண்டனில் பிள்ளை படித்த வீட்டுக்கு ஒரு பவுன் அதே 13 ரூபாய் 5 அணா. அமெரிக்காவில் படித்த வீட்டுக்கு டாலர் 3 ரூபாய் 30 காசிலிருந்து 4 ரூபாய் 76 காசாயிற்று. 1966 ஜூன் 6 அன்று அடி இரண்டு பக்கமும் விழுந்தது. டாலர் 4.76இலிருந்து 7.50, பவுன் 13.33இலிருந்து 21. ஆண்டுக்கு 500 பவுன் செலவில் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ஒரே இரவில் 6,667 ரூபாய் 10,500 ஆனது. பதினேழு ஆண்டு அசையாமல் இருந்து ஒரு நாள் விழுந்த அடி அது. இப்போது தினம் தினம் விழும் சில்லறை அடி.

1993 மார்ச்சில் ரூபாயின் விலையைச் சந்தை தீர்மானிக்க விட்டார்கள். 2000 ஜூனில் பழைய சட்டம் போய் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா வந்தது. 2004 பிப்ரவரியில் தாராளமயப் பண அனுப்புதல் திட்டம். எல்.ஆர்.எஸ். என்றால்தான் வங்கியில் புரியும். முதலில் ஆண்டுக்கு 25,000 டாலர் என்றிருந்த வரம்பு ஏறி, 2013இல் வெட்டுப்பட்டு, 2015 முதல் ஆளுக்கு 2,50,000 டாலராக நிற்கிறது. டாலர் 90 ரூபாய் என்றால் இரண்டேகால் கோடி. திட்டத்தின் முதல் ஆண்டில் நாடு முழுவதும் சேர்ந்து அனுப்பியது ஒரு கோடி டாலருக்கும் குறைவு. 2023-24இல் 3,100 கோடி டாலருக்கு மேல், அதில் வெளிநாட்டுப் படிப்புக்கு மட்டும் சுமார் 350 கோடி. திருப்பனந்தாளில் இந்த வரம்பில் தலை இடிக்கிற வீடு எத்தனை இருக்கும்? வரம்பு இவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை நாள்காட்டியில் இருக்கிறது.

சம்பா அறுப்பு தையில் தொடங்கும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பணம் வங்கிக் கணக்கில் ஏறும். ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் ஆரம்பம். அதற்கு இடம் உறுதியாகிப் பிளாக்டு அக்கவுண்டுக்குப் பணம் கட்டும் நேரம் பெரும்பாலும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு. அமெரிக்கா என்றால் பருவமே ஆகஸ்டில் தொடங்கிவிடும். அந்த மாதங்களில் இங்கே என்ன நடக்கிறது? வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்து, குறுவைக்கு உழவும் நடவும். ஆகஸ்டில் சம்பாவுக்கு விதையும் நாற்றங்காலும். வருடத்தில் ஒரு பைசா வரவில்லாமல் செலவு மட்டும் நடக்கிற மாதங்கள். குறுவை நெல் காசாகும்போது மகன் மியூனிக்கில் இருக்க வேண்டும்.

மாசியில் கையிலிருக்கும் பணத்தை அப்போதே யூரோவாக வாங்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். உள்ளூர் வங்கியில் அப்படி யூரோவாக வைத்துக்கொள்ளும் கணக்கை, வெறும் ரூபாயைக் கொடுத்து யாரும் தொடங்கிவிட முடியாது. 2024 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சன்னலைத் திறந்தது: குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் உள்ள வங்கிக் கிளைகளில் எல்.ஆர்.எஸ். வழியாக வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்து, அதிலிருந்து வெளிநாட்டுக் கட்டணமும் கட்டலாம். பயன்படுத்தாத பணத்தை 180 நாளுக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது பொது விதி. பிப்ரவரியில் போட்டால் ஆகஸ்டு வரை. சம்பாப் பணத்துக்காகவே அளந்து தைத்தது போல இருக்கிறது. இதைத் தவிர, இன்றே முடிவு செய்யும் விலையில் மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே விலை பேசி வைக்கும் 'ஃபார்வர்டு' ஒப்பந்தமும் தனிநபருக்கு விதிப்படி திறந்தேயிருக்கிறது. ஆனால் இரண்டுமே பெருநகரத்து, பெருந்தொகை வாடிக்கையாளர்களை நினைத்துச் செய்த ஏற்பாடுகள். கும்பகோணத்தில் 1904இலேயே ஒரு வங்கி பிறந்து, இன்றைய சிட்டி யூனியன் வங்கியாகத் தலைமையகத்தை அங்கேயே வைத்திருக்கிறது. வங்கித் தொழிலுக்கு இவ்வளவு பழகிய வட்டாரத்திலும், நாற்று விடும் மாதத்தில் யூரோ வாங்கும் விவசாயிக்கென்று ஒரு பொருளை எந்த வங்கியும் விளம்பரப்படுத்தி நான் பார்த்ததில்லை.

வித்தியாசம் சின்னதாக இருந்தால் இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2013 மே மாதத் தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய். ஆகஸ்டு 28 அன்று 68ஐத் தாண்டியது. 20,000 டாலர் கட்ட வேண்டியவருக்கு மேயில் 10 லட்சத்து 80 ஆயிரம், ஆகஸ்டு கடைசியில் 13 லட்சத்து 60 ஆயிரம். அந்த ஆகஸ்டு 14இல் தான் எல்.ஆர்.எஸ். வரம்பையும் 75,000 டாலராக வெட்டினார்கள். அப்படிப்பட்ட ஆண்டு அபூர்வம் என்று வைத்துக்கொண்டாலும், யூரோ வெறும் மூன்று ரூபாய் ஏறினால் பிளாக்டு அக்கவுண்டில் 35,712 ரூபாய் கூடும். வங்கிக் கட்டணத்தில் முந்நூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டும் குடும்பம் இந்த மூன்று ரூபாயைத் தலைவிதி என்று விட்டுவிடுகிறது.

கவுண்டரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சின்ன ஊர்க் கிளையில் ஏ2 படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், அது அந்நியச் செலாவணி கையாளும் பெரிய கிளைக்குப் போகும். பான் எண் இல்லாமல் எல்.ஆர்.எஸ். இல்லை. படிவத்தில் 'எதற்காக' என்ற கட்டத்துக்கு ஒரு குறியீடு எழுத வேண்டும். நேரில் போய்ப் படிப்பதற்கான கட்டணம், விடுதிச் செலவு என்றால் எஸ்0305. ஊரில் இருந்தபடி அஞ்சல்வழிப் படிப்பு என்றால் எஸ்1107. அங்கிருக்கும் நெருங்கிய உறவினரின் பராமரிப்பு என்றால் எஸ்1301. அவசரத்தில் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம். வரி இந்தக் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது.

2025 ஏப்ரலிலிருந்து, ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்குத்தான் மூலத்தில் வரி பிடிப்பார்கள். நம் கணக்கில் மிச்சம் 1,90,400. படிப்பு என்று பதிவானால் 5 சதவீதம், 9,520 ரூபாய். 2026 பட்ஜெட் இதை 2 சதவீதமாகக் குறைத்ததால் இனி 3,808. படிப்போ மருத்துவமோ அல்லாத வேறு காரணமாகப் பதிவானால் 20 சதவீதம், 38,080. வங்கியின் கல்விக்கடனிலிருந்து போனால் ஒன்றுமே இல்லை. இதோடு நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி ஆயிரத்துச் சொச்சம் வரும். வங்கி சொல்லும் விற்பனை விலைக்கும் டிவியில் ஓடும் விலைக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தால் அது மட்டும் 11,904. ரசீதில் அது தனியாகக் காட்டப்படாது.

பிடித்த வரி திரும்ப வரும், கணக்குத் தாக்கல் செய்தால். இங்கேதான் டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆகவே பரம்பரையாக நெல் மட்டும் விதைத்தவர் வாழ்நாளில் ரிட்டர்ன் போட்டிருக்க மாட்டார். மகன் வெளிநாடு போன ஆண்டில், வரியே இல்லாத மனிதர் தன் பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக முதன்முதலாக வருமான வரி இணையதளத்தில் பதிவு செய்கிறார். ஜூனில் பிடித்த தொகைக்கு அடுத்த ஏப்ரலுக்குப் பிறகுதான் தாக்கல். பணம் வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். விவரமறிந்த வீடுகளில் அப்பா பான் எண்ணில் பாதி, அம்மா பான் எண்ணில் பாதி என்று அனுப்பி ஆளுக்குப் பத்து லட்சத்துக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். அவரவர் கணக்கில் அவரவர் பணம் இருக்கும்வரை அதில் தப்பில்லை.

கல்விக்கடன் எடுத்தால் வரியே இல்லையே, ஏன் எடுப்பதில்லை? எடுக்கிறார்கள். ஆனால் பெரிய தொகைக்கு அடமானம் கேட்பார்கள். டெல்டாக் குடும்பத்தின் ஆஸ்தி நஞ்சை நிலம். கடன் திரும்பாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு உரிமை தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம், அதன் 31ஆவது பிரிவில் விவசாய நிலத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. விவசாயியைக் காப்பாற்றப் போட்ட விலக்கு. அதனாலேயே வெளிநாட்டுக் கல்விக்கடனுக்கு வங்கிகள் நஞ்சையைத் தொட விரும்புவதில்லை; வீடு, மனை, வைப்புத்தொகை இருக்கிறதா என்று கேட்கின்றன. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனவர் பையோடு திரும்பி வருகிறார். பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கிடைக்காத கடன், கும்பகோணத்தில் ஒரு மனை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும்.

மிச்சம் இருப்பது நகை. பீரோவிலிருந்து இறங்கி ஒரே மத்தியானத்தில் காசாகும் சொத்து அது ஒன்றுதான். தங்க விலை ஏறியிருப்பதால் முன்பைவிட அதிகம் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் நகைக்கடனில் வந்த பணம் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் கல்விக்கடன் ஆகாது. அதை அனுப்பினால் சொந்தப் பணம் அனுப்பியதாகத்தான் கணக்கு, வரி உண்டு. கடனுக்கு வட்டியும் கட்டி, கடன் வாங்கிய பணத்துக்கு முன்வரியும் கட்டும் விநோதம் இப்படித்தான் வருகிறது.

பணம் கிளம்பிய பிறகும் ஒரு கண்டம் உண்டு. ஸ்விஃப்ட் வழியில் போகும் பணம் நேராகப் போவதில்லை, நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் கை வைக்கும். கட்டணத்தை யார் ஏற்பது என்பதற்கு மூன்று தேர்வு: எல்லாம் அனுப்புகிறவருக்கு, பாதிப் பாதி, எல்லாம் பெறுகிறவருக்கு. பாதிப் பாதி என்று விட்டால் நடுவங்கி பத்து, இருபது யூரோவை எடுத்துக்கொள்ள, அங்கே 11,904க்குப் பதில் 11,884 போய்ச் சேரும். தொகை குறைந்ததால், முழுப் பணமும் கணக்கில் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டும் சான்றிதழ் வராது. மறுபடி 20 யூரோ அனுப்ப மறுபடி ஒரு ஏ2 படிவம், மறுபடி ஒரு வங்கிக் கட்டணம். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் 'எல்லாம் அனுப்புகிறவருக்கு' என்று டிக் அடிப்பது சிக்கனம். ஃபிளைவயர் போன்ற நிறுவனங்கள் மூலம் ரூபாயிலேயே கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. சில நாள்களுக்கு விலையையும் பிடித்து வைப்பார்கள். அந்த விலையில் அவர்களின் பங்கு சேர்ந்திருக்கும்.

சின்னக் கட்டணங்கள் தனி ரகம். அமெரிக்காவுக்குப் போகும் மாணவர் நேர்காணலுக்கு முன் 350 டாலர் 'செவிஸ்' எனும் மாணவர் பதிவுக் கட்டணமும் 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணமும் கட்ட வேண்டும். செவிஸ் இணையத்தில், வெளிநாட்டுப் பரிமாற்றம் செல்லும் அட்டையில். ரிசர்வ் வங்கியின் 2020 ஆணைப்படி புதிய அட்டைகளில் அந்த வசதி மூடியே வரும். நாம்தான் திறந்துகொள்ள வேண்டும். இது தெரியாமல் கன்சல்டன்சிக்காரரின் அட்டையில் கட்டச் சொல்லி, அவர் கேட்ட விலையை டாலருக்குக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் விசா கிடைத்தால். மறுத்துவிட்டால் பணம் வந்த வழியே திரும்பும், ஆனால் அதே விலையில் திரும்பாது. போகும்போது வங்கியின் விற்பனை விலை, வரும்போது வாங்கும் விலை. ஒரு பக்கம் ஒரு ரூபாய் என்றாலும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 23,808 ரூபாய் கரைகிறது. மூலத்தில் பிடித்த வரி ரிட்டர்ன் போடும்வரை அரசிடம். நகைக்கடனின் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியா மாணவர் விசாவுக்கு 2025 ஜூலையிலிருந்து வாங்கும் 2,000 ஆஸ்திரேலிய டாலர் விண்ணப்பக் கட்டணம், மறுத்தால் திரும்ப வருவதே இல்லை. 2024 ஜூன் வரை அது 710ஆக இருந்தது. அடுத்த பருவத்துக்கு மீண்டும் முயல்கிறவர் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும், அன்றைய விலையில்.